ஊறுகாய்ப்புல் குழியில் நீல உருண்டைகள்: மீதி எட்டரை டன்னை என்ன செய்வது?

குண்டடம் கட்டுத்தறி
மார்ச் 16, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தாராபுரம் பக்கம் குண்டடத்தில் ஏழு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். அப்பா காலமான பிறகு நான்கு வருடமாக நானும் அம்மாவும் மனைவியும்தான் கட்டுத்தறியைப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு பெரிய சங்கடத்தில் இருக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டும்.

போன கோடையில் சோளத்தட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. அதனால் இந்த முறை ஒரு ஏக்கரில் ஆப்பிரிக்கன் டால் என்ற தீவன மக்காச்சோளம் விதைத்து, அதை வெட்டிக் குழியில் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) போட்டேன். முதல் முயற்சி. குழி 20 அடி நீளம், 8 அடி அகலம், 5 அடி ஆழம். டிசம்பர் முதல் வாரம், கதிர் பால் வற்றி மாவு பிடிக்கும் பருவத்தில் வெட்டினோம். தட்டு வெட்டும் இயந்திரம் நடுவில் பழுதாகி ஒன்றரை நாள் நின்றுபோனது. ஆகவே குழியை நிரப்ப நான்கு நாள் ஆனது. இரண்டாம் நாள் இரவு லேசான தூறல். டிராக்டர் ஏற்றி மிதித்தோம், வெல்லக்கரைசலும் உப்பும் தெளித்தோம், சில்பாலின் படுதா போர்த்தி மேலே மண் மூட்டை அடுக்கினோம். மொத்தம் 12 டன் இருக்கும்.

பிப்ரவரி 16 அன்று திறந்தேன். பழுத்த கொய்யாவும் புளித்த மாவும் கலந்தது போன்ற வாசனை. மாடுகள் முண்டியடித்துத் தின்றன. தினமும் ஏழு மாட்டுக்கும் கிடேரிகளுக்கும் சேர்த்து 120 கிலோ எடுத்துப் போட்டேன். அடர்தீவனமாக மாட்டுக்கு 2 கிலோ கடலைப் பிண்ணாக்கும் தவிடும் வழக்கம்போல் கொடுத்தேன்.

பத்து நாளுக்கு முன்பு முதலில் கவனித்தது அம்மாதான். குழியின் வெட்டு முகத்தில் கையை வைத்துவிட்டு, "சுடுதடா" என்றார்கள். நான் கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தேன். சாணக் குப்பைக்குள் கைவிட்டது போல் சூடு. அடுத்த நாள் மேல்பக்கமாக எலுமிச்சம்பழ அளவில் உருண்டை உருண்டையாகக் கட்டிகள் உதிர்ந்தன. வெளியே வெள்ளைப் பூசணம். ஒன்றைப் பிட்டேன். உள்ளே செம்புக் குடத்தில் பிடிக்கும் களிம்பின் நிறம், நீலப்பச்சை. பிட்ட மாத்திரத்தில் திருநீற்றைத் தட்டியது போலத் தூள் பறந்தது. அன்று முதல் அப்படிப்பட்டதைப் பொறுக்கி எறிந்துவிட்டு மீதியைப் போட்டேன். இப்போது தினமும் ஒரு கூடை உருண்டை வருகிறது.

பால் 68 லிட்டரிலிருந்து 54 லிட்டருக்கு இறங்கிவிட்டது. மூன்று மாடுகள் தொட்டியில் பாதியை மிச்சம் வைக்கின்றன. சாணம் இளகிச் சளி கலந்து வருகிறது. ஒரு மாட்டுக்கு இரண்டு முறை கருவூசி போட்டும் சினை நிற்கவில்லை. இன்னொன்று ஐந்து மாதச் சினை, அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில், வெயிலில் காயவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். தீவனக் கடைக்காரர் நச்சு முறிக்கும் பொடி என்று ஒரு பையைக் கொடுத்து, ஒரு மாட்டுக்கு 50 கிராம் கலந்துவிட்டுத் தாராளமாகப் போடலாம் என்கிறார். குழியில் இன்னும் எட்டரை டன் இருக்கிறது. ஒரு ஏக்கர் உழைப்பு. எல்லாவற்றையும் கொட்டுவதா? இந்த நஞ்சு பாலுக்கு வருமா? என் மகளுக்கு நான்கு வயது, காலையில் நம் பால்தான் குடிக்கிறாள். மீதிப் பால் சொசைட்டிக்குப் போகிறது. அங்கிருந்து யார் வீட்டுக் குழந்தைக்குப் போகிறதோ தெரியாது.

வெள்ளகோவில் பெரியவர்
மார்ச் 16, இரவு 10.25

கண்ணு, பயப்படாதே. நான் 40 வருடமாக மாடு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் போரில் இருக்கும் தட்டுக்கூடப் பூசணம் பூக்கும். தட்டி, உதறி, இரண்டு நாள் வெயில் காட்டிப் போடுவோம். மாடு தனக்கு ஆகாததைத் தானே ஒதுக்கும். எட்டரை டன்னைக் கொட்டினால் வைகாசி வரை எதைப் போடுவாய்? நல்ல பாகத்தைப் பிரித்து உலர்த்து. சினைமாட்டுக்கு மட்டும் போடாதே.

பவானி மாட்டுக்காரி
மார்ச் 17, அதிகாலை 5.10

தம்பி, பால் கறக்கப் போகும் முன் இதை எழுதிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் காலைத் தீனிக்கு நீங்கள் குழிக்குப் போவதற்குள் இதைப் படிக்க வேண்டும். இன்று அதிலிருந்து ஒரு கைப்பிடிகூட எடுக்காதீர்கள். வைக்கோலும் இருக்கிற பச்சையும் போட்டு இன்றைய பொழுதை ஓட்டுங்கள். பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல்வது போலவே செய்துதான் நாங்கள் ஒரு கன்றை இழந்தோம்; எங்களுக்கு அதைச் சொன்னவர் என் மாமனார்.

மூன்று வருடத்துக்கு முன்பு நாங்கள் ஒரு வியாபாரியிடம் பைகளில் அடைத்த ஊறுகாய்ப்புல் வாங்கினோம். 50 கிலோ பை, நூறு பை. தோட்டத்தில் மயில் வந்து பைகளைக் கொத்தியது. கொத்திய ஓட்டை விரல் நுழையும் அளவுதான். அந்த ஓட்டையைச் சுற்றிப் பிரித்துப் பார்த்தால் ஒரு தேங்காய் அளவுக்கு நீலமாக இருக்கும். மாமனார் அதை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைக் களத்தில் உலர்த்தினார். உலர்ந்தபின் பார்க்க அருமையாக இருந்தது, வாசனைகூட மாறிவிட்டது. போட்டோம். இரண்டு வாரத்தில் ஒரு சினைமாடு ஆறு மாதக் கன்றை வீசிவிட்டது. தீவனம்தான் காரணம் என்று எங்கள் மருத்துவர் சந்தேகப்பட்டார், உறுதியாகச் சொல்ல அவரிடம் பரிசோதனை இல்லை. ஆனால் தீவனத்தை நிறுத்தியபின் மற்ற மாடுகள் ஒரு வாரத்தில் அசைபோடத் தொடங்கின, எனக்கு அது போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அதை யாரும் சொல்வதில்லை. உலர்த்தியதை உதறிக் கொட்டியவர் என் கணவர். காலையில் வேலை செய்தார், மாலையில் குளிர்க்காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், விடாத வறட்டு இருமல். மறுநாள் சரியானது. மீண்டும் உதறினார், மீண்டும் அதே மாலைக் காய்ச்சல். ஈரோட்டில் நுரையீரல் மருத்துவரிடம் போனபோது, பூசணத் தூளை மூச்சில் இழுப்பதால் உழவர்களுக்கு வரும் நுரையீரல் அழற்சி இது என்றும், தொடர்ந்தால் நுரையீரல் தழும்பேறிப் போகும் என்றும் சொன்னார். நீங்கள் உருண்டையைப் பிட்டபோது திருநீறு போலப் பறந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இனி அதைப் பிடாதீர்கள். முகத்தில் இறுக்கமான முகக்கவசம் இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று அதை அள்ளாதீர்கள். அம்மாவையும் குழந்தையையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

சரி, ஏன் வந்தது? நான்கு நாள் நிரப்பியதும் தூறலும் ஒரு காரணம்தான். ஆனால் நீங்கள் எழுதிய அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 20 அடி நீளத்தில் 12 டன் என்றால் அடிக்கு 600 கிலோ. தினம் 120 கிலோ எடுக்கிறீர்கள். அப்படியானால் ஒரு அடியைத் தின்று முடிக்க ஐந்து நாள். ஒரு நாளைக்கு இரண்டரை அங்குலம்கூட நகரவில்லை. 8 அடி அகலமும் 5 அடி உயரமும் உள்ள ஒரு சுவரைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் காற்று புகும் வேகத்தைவிட மெதுவாகத் தின்கிறீர்கள். குளிர் நாட்டில்கூட ஒரு நாளைக்கு அரை அடி வெட்ட வேண்டும் என்கிறார்கள். நம் மார்ச் வெயிலுக்கு அரை அடிக்கு மேல், முடிந்தால் ஒரு அடி. குழி தோண்டும்போது எல்லோரும் எத்தனை டன் பிடிக்கும் என்றுதான் கேட்கிறோம். என் வீட்டு மாடுகள் ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும், அதற்கு வாய் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை. ஏழு மாட்டுக்கு 3 அடி அகலம், மூன்றரை அடி உயரம் போதும். அப்போது அதே 120 கிலோவுக்குத் தினம் 9 அங்குலம் நகரும்.

கறவைக்கு நேரமாகிவிட்டது. மருத்துவர் ஐயா யாராவது நச்சு பற்றிச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு), நாமக்கல்
மார்ச் 17, காலை 11.05

தம்பி, சகோதரி சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. நான் நச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துப் படியுங்கள்.

நீங்கள் வர்ணித்த நீலப்பச்சை உருண்டை பெரும்பாலும் பெனிசிலியம் ரோக்போர்ட்டி என்ற பூஞ்சை. பிரான்சில் நீலப் பாலாடைக்கட்டி செய்ய இதே இனத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மற்றப் பூஞ்சைகளில் பெரும்பாலானவை புளிப்பிலும் காற்றுக் குறைவிலும் வளராது. இது அந்த இரண்டையும் தாங்கும், அதனால்தான் ஊறுகாய்ப்புல் இதற்குத் தாய்வீடு. குழிக்குள் வளரும்போது இது ரோக்போர்ட்டின், மைக்கோபீனாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரக்கும். இரண்டாவதாகச் சொன்னதை நீங்கள் மருந்துக் கடையில் பார்க்கலாம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு, உடல் அதை எதிர்க்காமல் இருக்க, நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தாகக் கொடுப்பது அதைத்தான். ஒரு கறவை மாட்டின் எதிர்ப்புச் சக்தியை நாளெல்லாம் அடக்கினால் மடிவீக்கமும் கழிச்சலும் எங்கிருந்து வருகின்றன என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

நடப்பது இதுதான். குழி மூடியிருக்கும் வரை லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் புளிப்பை உண்டாக்கி, பிஎச் அளவை 4 அருகே கொண்டுவந்து, எல்லாவற்றையும் உறங்க வைக்கின்றன. திறந்ததும் காற்று புகுகிறது. முதலில் விழிப்பது ஈஸ்ட். அது அந்த அமிலத்தையே தின்று சூட்டைக் கிளப்புகிறது. உங்கள் அம்மாவின் கையைச் சுட்டது அந்த ஈஸ்ட்டின் சூடு. புளிப்புப் போனபின் பூஞ்சைக்குத் தடையில்லை. எனவே நீலம் தெரிவதற்கு முன்பே சூடு சொல்லிவிடும். உங்கள் அம்மா சரியான இடத்தில் கை வைத்தார்கள்.

மாடு ஆகாததைத் தானே ஒதுக்கும் என்று பெரியவர் சொன்னார். பசி இருக்கும் மாடு ஒதுக்காது, பிண்ணாக்கோடு கலந்து வைத்தால் நிச்சயம் ஒதுக்காது. பூசணத்தைக் கிள்ளி எறிவதில் இன்னொரு பிழை இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சையின் வித்து. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிலும் ஓடியிருக்கும், நச்சு அதையும் தாண்டி ஊறியிருக்கும். வெயில் பூஞ்சையைக் கொல்லலாம், நச்சு அப்படியே இருக்கும். அது உயிர் அல்ல, ஒரு வேதிப்பொருள்.

உங்கள் வயலில் கதிர்களில் படைப்புழு இருந்ததா? அந்தப் புழு 2018இல் இந்தியாவுக்கு வந்தது முதல் இந்தக் கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்கிறேன். புழு துளைத்த கதிரில் நிற்கும்போதே பியூசேரியம் பூஞ்சை ஏறும். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இருக்கும். அது உண்டாக்கும் நச்சுகளில் ஒன்று செயராலெனோன். அது மாட்டின் உடலுக்குள் பெண்மைச் சுரப்பு நீர் போலவே நடிக்கும். மாட்டின் பெரு வயிறு பல நச்சுகளை உடைத்துவிடும் என்பது உண்மைதான், நம் மாடுகள் பன்றி, கோழியைவிடத் தாங்குவது அதனால்தான். ஆனால் இந்த நச்சை அது இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றிவிடும். கருவூசி நிற்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வயலில் உண்டான நச்சைக் குழியில் புளிக்கவைத்துப் போக்க முடியாது. குழிக்குள் போனது குழியிலிருந்து அப்படியே வரும்.

இனி பால். பாலில் வரும் நச்சுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் குழியை அல்ல, கடலைப் பிண்ணாக்கை.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் முடிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சை உலகம் கண்டுபிடித்தது அப்படித்தான். நம் நாட்டில் 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். அதுவும் இதே நச்சுதான். மாடு இதைத் தின்றால் ஈரலில் மாறி, 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பெயரில் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. அது பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் தயிராக்கினாலும் போகாது. 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. இந்த நச்சு எல்லை மீறி இருந்த மாதிரிகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. பாலில் தண்ணீர் கலந்தால் கோபப்படும் நாம், இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

ஆகவே இரண்டையும் சோதியுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. மாதிரி எடுப்பதில்தான் எல்லோரும் தவறுகிறோம். நச்சு ஒரே சீராக இருக்காது, ஓரிடத்தில் குவிந்திருக்கும். குழியின் முகத்தில் மேல், நடு, கீழ், இரு ஓரம் என்று 15 இடத்திலாவது ஒரு பிடி எடுத்து, சுத்தமான படுதாவில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் கலந்து, கடைசியில் ஒரு கிலோ வரும்படி செய்யுங்கள். நீல உருண்டையை மட்டும் பொறுக்கி அனுப்பாதீர்கள், அதையே விட்டுவிட்டும் அனுப்பாதீர்கள். ஊறுகாய்ப்புல்லை உறைய வைத்துக் கொண்டுபோங்கள், இல்லையென்றால் வழியிலேயே பூஞ்சை வளரும். பிண்ணாக்கையும் பல மூட்டைகளிலிருந்து எடுங்கள்.

கடைக்காரர் தந்த பொடி பெரும்பாலும் பென்டோனைட் வகைக் களிமண்ணாக இருக்கும். அது அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடித்துச் சாணத்தில் தள்ளும். நீலப் பூஞ்சையின் நச்சுக்கும் செயராலெனோனுக்கும் அதை நம்பாதீர்கள்.

முடிவு வரும் வரை குழியும் பிண்ணாக்கும் நிறுத்தம். பாப்பாவுக்கு வேறு பால்.

குண்டடம் கட்டுத்தறி
மார்ச் 18, காலை 7.30

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்று அதிகாலை அக்காவின் பதிலைப் படித்துவிட்டுக் குழிக்குப் போகவில்லை. பிண்ணாக்கையும் நேற்று மாலையே நிறுத்திவிட்டேன். படைப்புழு இருந்தது ஐயா. பத்துக் கதிரில் மூன்று நான்கு புழு தின்றவைதான். தட்டோடு சேர்த்து அரைபட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

இன்று மாதிரி கொண்டு போகிறேன். போகும் முன் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 60 செம்மறி வைத்திருக்கிறார். "மாட்டுக்கு ஆகாவிட்டால் கொடு, செம்மறி எதையும் தின்னும்" என்று கேட்கிறார். கொடுக்கலாமா?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), நாமக்கல்
மார்ச் 18, காலை 8.15

கூடவே கூடாது. காற்றுப் புகுந்து புளிப்புக் குறைந்த ஊறுகாய்ப்புல்லில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவும் பெருகும். அதற்கு முதலில் பலியாவது செம்மறிதான். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்கும், ஒரு பக்கத்து முகம் தொங்கும், இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். சினை ஆடு குட்டி வீசும். அவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

குண்டடம் கட்டுத்தறி
மார்ச் 27, இரவு 8.50

முடிவுகள் வந்துவிட்டன. ஐயா சந்தேகப்பட்டது அப்படியே நடந்திருக்கிறது.

ஊறுகாய்ப்புல்லில் அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். கடலைப் பிண்ணாக்கில் 140. மாட்டுத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் எல்லை 20 என்று அங்கே இருந்தவர் சொன்னார். நான் கண்ணால் பார்த்துப் பயந்தது குழியை. பாலுக்குள் போனது, மஞ்சளாக, மணமாக, ஒரு புள்ளி பூசணம்கூட இல்லாமல் என் கிடங்கில் அடுக்கியிருந்த பிண்ணாக்கிலிருந்து. அந்த மூட்டையை மீண்டும் அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல செக்குப் பிண்ணாக்கு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

அங்கிருந்தவர் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மாடு தினம் 2 கிலோ பிண்ணாக்கு தின்றால் 280 மைக்ரோகிராம் நச்சு. அதில் நூற்றில் இரண்டு பங்கு பாலுக்கு வந்தாலே 5.6. பத்து லிட்டர் பாலில் லிட்டருக்கு 0.56. பாலுக்கு நம் நாட்டு எல்லை 0.5. ஐரோப்பாவில் 0.05தான் எல்லையாம். அதிகம் கறக்கும் மாட்டில் நூற்றில் ஆறு பங்கு வரைகூட இறங்குமாம். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். எத்தனை மாதமாக அந்தப் பிண்ணாக்கை ஒரே மில்லில் வாங்குகிறேன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டே வந்தேன். 14 மாதம்.

தீவனத்தை நிறுத்திய மறுநாளிலிருந்து நான்கு நாள் சொசைட்டிக்குப் பால் ஊற்றவில்லை. அங்கே கொழுப்பும் அடர்த்தியும்தான் பார்க்கிறார்கள், ஊற்றியிருந்தால் யாருக்கும் தெரியாது. என் மகளுக்குக் கொடுக்காத பாலை இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. 210 லிட்டர், ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாடுகள் தேறுகின்றன. சாணம் கட்டிவிட்டது. பால் 61. சினைமாடு நன்றாக இருக்கிறது. இப்போது பருத்திப் பிண்ணாக்கு வாங்குவதா, அதிலும் இருக்குமா?

பவானி மாட்டுக்காரி
மார்ச் 27, இரவு 9.30

தம்பி, நான்கு நாள் பால் ஊற்றவில்லை என்று படித்ததும் என் கணவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். பருத்தியிலும் இருக்கும், ஐயா சொல்வார். குழி விஷயத்தில் ஒரு யோசனை சொல்கிறேன். முகத்திலிருந்து இரண்டு மூன்று அடியைச் செங்குத்தாக வெட்டிக் கழித்துவிட்டால் உள்ளே குளிர்ச்சியாக, சுத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. கைவிட்டுப் பார்த்துச் சூடு இல்லை, பொன்பழுப்பு நிறம், பிஎச் தாளில் 4 பக்கம் காட்டுகிறது என்றால் அது பிழைத்த பாகம். ஆனால் நீங்கள் ஒருவரே தின்றால் மீண்டும் இதே கதைதான். பங்காளிகள், அக்கம்பக்கம் மாடு வைத்திருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வீட்டு மாடும் ஒரே குழியைத் தின்னட்டும். எடை போட்டு எழுதி வையுங்கள், அவர்கள் தட்டு அறுக்கும்போது உங்களுக்குத் திருப்பித் தரட்டும். எங்கள் ஊரில் நாற்றுக்கும் ஆளுக்கும் கைமாற்று உண்டு, தீவனத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

கால்நடை மருத்துவர் (ஓய்வு), நாமக்கல்
மார்ச் 28, காலை 6.40

பருத்திப் பிண்ணாக்கிலும் இருக்கும், மக்காச்சோளத்திலும் இருக்கும். எதுவானாலும் ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்காதீர்கள். தரையில் அடுக்காமல் மரச் சட்டத்தின் மேல், சுவரை விட்டு ஒரு அடி தள்ளி வையுங்கள். புதிதாக ஒரு மில்லில் வாங்கத் தொடங்கும்போது ஒரு மாதிரியைச் சோதித்துவிடுங்கள். சகோதரியின் யோசனை நல்ல யோசனை. வெட்டிக் கழித்த பிறகு உள்பாகத்தையும் மாதிரி எடுத்து, செயராலெனோன் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது அளவாக இருந்தால் மட்டும் போடுங்கள், சினைமாட்டுக்கும் கன்றுகளுக்கும் வேண்டாம்.

வெள்ளகோவில் பெரியவர்
மார்ச் 28, காலை 9.00

கண்ணு, நான் சொன்னது தவறு. எல்லாவற்றையும் படித்தேன். எங்கள் காலத்தில் இரண்டு லிட்டர் கறக்கும் நாட்டு மாடு, ஒரு பிடி பிண்ணாக்கு. அந்தக் கணக்கை இன்றைய மாட்டுக்குச் சொல்லிவிட்டேன். என் பேரனும் அதே மில்லில்தான் வாங்குகிறானா என்று கேட்டு ஒரு மாதிரியை அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

குண்டடம் கட்டுத்தறி
ஏப்ரல் 24, இரவு 9.15

குழி இன்று காலியானது.

வெட்டிக் கழித்தது இரண்டரை அடி. மூவரும் முகக்கவசம் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துத் தூள் அடங்கியபின் அள்ளினோம். மாடுகள் எட்டாத மேட்டில் குழி எடுத்து, சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு மண் மூடிவிட்டோம். அடுத்த வருடம் வயலுக்கு எருவாகும். உள்ளே இருந்தது பொன்பழுப்பாக, கைக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சோதனையிலும் தேறிவிட்டது. எங்கள் வீடு, சித்தப்பா வீடு, செம்மறி வைத்திருக்கும் அதே பக்கத்துத் தோட்டத்துக்காரரின் எருமைகள் என்று மூன்று வீட்டார் தினம் 400 கிலோ எடுத்தோம். முகம் எட்டு அங்குலம் நகர்ந்தது. பதினெட்டு நாளும் அம்மா காலையில் முதல் ஆளாகப் போய்க் கை வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள்கூடச் சுடவில்லை. பால் 66க்கு வந்துவிட்டது. கருவூசி நிற்காத மாட்டுக்கு மீண்டும் போட்டிருக்கிறேன், சினை நின்றதா என்று தெரிய இன்னும் 21 நாள் ஆகவில்லை.

இப்போது 3 அடி அகலத்தில் மூன்று சிறிய குழிகள் எடுக்கிறேன். மக்காச்சோளத்தை ஆனி கடைசியில் வெட்டி, ஆவணி பிறக்கும்போது முதல் குழியைத் திறக்க வேண்டும். ஒரே ஒரு சந்தேகம். குழியின் வாயை எந்தத் திசை பார்த்து வைப்பது?

பவானி மாட்டுக்காரி
ஏப்ரல் 25, அதிகாலை 5.05

கிழக்குப் பார்த்து வையுங்கள் தம்பி. உங்கள் ஊரில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வெட்டு முகத்தில் நேரே மோதினால் இரண்டு அடி ஆழம் வரை காற்றை உள்ளே தள்ளிவிடும். மேற்குப் பக்கம் குழியைவிட உயரமாக ஒரு மண் வரப்பும் போடுங்கள். மயிலுக்கு, சில்பாலின் மேல் பழைய மீன்வலை விரியுங்கள்.